பயத்துக்கு ஒரு வெரி

வெரி என்று அவன் சொல்லவே இல்லை. சொன்னது புஷ்பலீலாதான். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து எலுமிச்சை சாதத்தைப் பார்த்தாள், மூடினாள். காலையில் தாளிக்கும்போது கடலைப்பருப்பு கருகிவிட்டது, அப்போதே தெரிந்திருக்க வேண்டும் இன்றைக்கு நாள் சரியில்லை என்று. இரண்டு மணிக்கு மறுபடி உள்ளே கூப்பிடுவார்கள். அதற்குள் சாப்பிட வேண்டும், முகம் கழுவ வேண்டும், வாயைத் திறப்பதா மூடிக்கொண்டு இருப்பதா என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து லண்டனுக்கு வந்து, அகதி மனுக்களை விசாரிக்கும் இந்தத் தீர்ப்பாயங்களில் வருஷக்கணக்காக மொழிபெயர்த்து, ஒரு தடவைகூட யாரிடமும் பேச்சு வாங்காதவள். இன்று ஒரே ஒரு சொல். அதுவும் எப்பேர்ப்பட்ட சொல், பெரிய சட்ட வார்த்தையா, வியாதியின் பெயரா, ஒன்றுமில்லை, வெள்ளைக்காரன் டீக்கடையில் மிச்சச் சில்லறை வாங்கும்போது தேங்க்யூவோடு சேர்த்துத் தூக்கிப் போடுகிற சொல். அடைக்கலம் கேட்டு இலங்கையிலிருந்து வந்திருக்கும் தவநேசனுடைய வக்கீல் கேட்டாள், உங்களைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, "பயமில்லாமல் இருக்குமே?" என்றான். அவ்வளவுதான். அவர்கள் ஊரில் அந்த ஏகாரம்தான் கேள்வி, பயமில்லாமல் இருக்குமா என்று நாம் கேட்பது. ஐ வாஸ் வெரி அஃப்ரெய்ட் என்று இவள் சொன்னாள். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தான், சின்னப் பையன்தான், தாடையில் சவரம் செய்த இடம் இன்னும் சிவந்திருந்தது. "நீங்கள் வெரி அஃப்ரெய்ட் என்று சொன்னீர்கள். பக்கத்து வீட்டில் ஒளிந்துகொண்டதாகச் சொன்னீர்கள். ஆனால் அன்றைக்குப் பொழுது சாயும்போது உங்கள் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறீர்கள். எதற்கு? கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட. வெரி அஃப்ரெய்டாக இருந்த ஒருவர் மாட்டை அவிழ்க்கப் போவாரா, ஐயா?" ஒவ்வொரு வெரிக்கும் பேனாவால் காகிதத்தில் ஒரு தட்டு. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பிட்டுவிட்டு வந்து பதிலைக் கேட்போம் என்றார். அந்தத் தட்டுதான் இவள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல். அதுதான் இவளைப் போட்டு அரித்தது. அவன் பரிதாபமாக இருந்தானா, ஆமாம், ஆனால் பரிதாபமானவர்கள் தினமும் வருகிறார்கள். யோசிக்க யோசிக்க ஒரு சிவப்பு மை ஞாபகத்துக்கு வந்தது. கான்வென்ட்டில் கட்டுரை நோட்டைத் திருத்தித் தரும்போது கடைசி வரிக்குக் கீழே குட் என்று எழுதியிருந்தால் வகுப்பே பரிதாபமாகப் பார்க்கும். குட் என்றால் நல்லது என்று அகராதியில் போட்டிருக்கலாம், பள்ளிக்கூடத்தில் குட் என்றால் ஏதோ பரவாயில்லை, இன்னும் உழைக்க வேண்டும், வீட்டில் காட்டாதே. வி போட்டு ஒரு புள்ளி வைத்து, பிறகு குட் எழுதினால்தான் குட். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் வெறும் குட் என்று இருந்ததற்காக இவளுடைய அப்பா அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டார், என் பொண்ணு என்ன செஞ்சிட்டா, யார் கூடயும் ஓடிட்டாளா, ஒரு வெரி போட்டா உங்க பேனா தேஞ்சிருமா என்று. போட்டுக் கொடுத்தார்கள். அந்த வெரியோடுதான் கல்லூரியில் இடம் கிடைத்தது, அந்த வெரியோடுதான் கல்யாணம் ஆனது, விமானம் ஏறியது. வெறும் சொல் என்றால் இவளுக்கு ஒரு கூச்சம், விருந்தாளிக்கு வெறும் தட்டை நீட்டின மாதிரி. வெறும் அஃப்ரெய்ட் என்று எப்படிச் சொல்வது, நீதிபதி என்ன நினைப்பார், ஏதோ பரவாயில்லை, இன்னும் உழைக்க வேண்டும் என்று நினைக்கமாட்டாரா. அவனுடைய பயம் பாஸாக வேண்டும் என்று வி போட்டுப் புள்ளி வைத்திருக்கிறாள். வேறொன்றும் இல்லை. அவனுடைய பயத்துக்கு மார்க் போட்டிருக்கிறாள். கடவுளே, யார் கேட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் வேறு. வந்த புதிதில் அது புரியாமல் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறாள். வேலைக்கு விண்ணப்பித்தால், உங்களைச் சந்தித்தது வெரி மகிழ்ச்சி என்பார்கள், வேலை கிடைக்காது. வெரி ஸாரி என்பார்கள், முகத்தில் ஒன்றும் இருக்காது. அடுத்த வீட்டு டோரத்தி இவள் கொடுத்த மீன் குழம்பை வெரி இன்ட்ரஸ்டிங் என்று சொல்லிக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள், அதோடு மீன் குழம்பு கொடுப்பதை விட்டாயிற்று. நிஜமாக ஒன்றைச் சொல்லும்போது அவர்கள் குரலைத் தாழ்த்தி, சொல்லைக் குறைத்துச் சொல்கிறார்கள். அப்படியிருக்கும்போது இவள் ஒரு வெரியைக் கொண்டுபோய் வைத்தால் அந்த அரசுத் தரப்புப் பையன் என்ன நினைப்பான். தவநேசன் கூட்டிச் சொல்கிறான், யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறான் என்று நினைப்பான். நினைத்துவிட்டான். தமிழில் அது எங்கே இருந்தது என்று இப்போது யாரிடம் போய்க் காட்டுவது. அது சொல்லில் இல்லை. இருக்குமே என்று அவன் இழுத்ததில் இருந்தது, இழுத்துவிட்டு எச்சில் விழுங்கினானே அதில் இருந்தது. ரொம்ப என்றும் அவன் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிற மாதிரி சரியான பயம் என்றும் சொல்லவில்லை. ஒரு ஆள் அப்படிக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை என்று தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும். இவளுக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டினாள்.

காத்திருக்கும் கூடத்தின் அந்தக் கோடியில் தவநேசன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வக்கீல் போனில் யாருடனோ பேசிக்கொண்டே வாசல் பக்கம் போயிருந்தாள். இடைவேளையில் மொழிபெயர்ப்பாளர் கட்சிக்காரரோடு பேசக் கூடாது, குட்மார்னிங்குக்கு மேல் கூடாது, அது விதி. விதி இருப்பது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று. பேசினால் என்ன பேசுவாள். இரவல் வாங்கின கோட்டு, தோள் இறங்கிக் கிடந்தது. அவன் நிமிர்ந்து இவளைப் பார்த்தான், பார்த்ததும் மரியாதைக்கு லேசாக எழுந்து உட்கார்ந்தான். இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் உள்ளே இன்னொன்றும் நடந்திருந்தது, அது வேறு யாருக்கும் தெரியாது, இவளுக்கும் அவனுக்கும்தான் தெரியும். அந்தப் பையனுடைய கேள்வியை இவள் திரும்பத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது அல்லவா, "நீங்க ரொம்பப் பயந்ததாச் சொன்னீங்க" என்று சொன்னாள். ரொம்ப என்ற இடத்தில் அவன் தலையைத் தூக்கி இவளைப் பார்த்தான். நான் அப்படிச் சொன்னேனா என்கிற பார்வை. அரை நொடி. பிறகு அந்தப் பார்வையை அவனே மடித்து வைத்துக்கொண்டு, "ஓம்" என்றான். அம்மா சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிவிட்டான். இவள் போட்ட சுருக்கில் அவனே தலையைக் கொடுத்தான், அதுவும் மரியாதைக்காக. இனி அது அவன் சொன்ன சொல். பதிவில் இருக்கிறது. அவன் நம்பினதை நினைக்க நினைக்கத்தான் இவளுக்குத் தாளவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சொல்லிவிடலாம். உள்ளே போனதும் கையைத் தூக்கி, ஒரு திருத்தம் என்று சொல்லிவிடலாம். சொன்னால்? காலையிலிருந்து சொன்னதில் இன்னும் எத்தனை திருத்தம் என்று அந்தப் பையன் கேட்பான். நியாயம்தானே, ஒரு கல் கிடந்தால் சோறு முழுக்கத்தானே துழாவுவோம். விசாரணையைத் தள்ளிவைப்பார்கள், வேறு மொழிபெயர்ப்பாளர், வேறு தேதி, அந்தத் தேதி அடுத்த வருஷம்தான் வரும். வவுனியாவில் அவனுடைய மனைவியும் பெண்ணும் இருக்கிறார்கள், பெண்ணை அவன் கைக்குழந்தையாகப் பார்த்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம், இதையும் காலையில் இவள்தான் சொன்னாள், மை டாட்டர் என்று, பிள்ளை பெறாத இவள் வாயால். இன்னொரு வருஷம். இவள் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். புருஷன் ஜெபராஜ் போன பிறகு இந்த வேலை ஒன்றுதான் காலையில் எழுந்து புடவை கட்ட ஒரு காரணம். அதுவும் போனால் என்ன செய்வாள், டோரத்தியோடு உட்கார்ந்து டிவி பார்ப்பாளா. சரி, சொல்லாமல் விட்டால்? வெரி அஃப்ரெய்ட் என்றான், ஆனால் மாட்டுக்காகத் திரும்பிப் போனான், நம்பும்படி இல்லை, நிராகரிக்கப்படுகிறது. அப்படித்தான் எழுதுவார்கள், இப்படி எழுதினதை எத்தனை பேருக்கு இவளே வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். பிறகு விமானம். பிறகு அதே வீடு, அதே வாசல், தேடி வந்த அதே ஆட்கள். இவள் வீட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும்போது அங்கே அது நடக்கும். இல்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால், அப்படியானால் அவர் வெரி அஃப்ரெய்டாக இல்லை, அப்படித்தானே என்று அந்தப் பையன் கேட்பானே. போடாமலே இருந்திருந்தால் ஒன்றுமில்லை. போட்டுவிட்டு எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் விழுகிறது, அதற்குள் அவனைத் தள்ளுவார்கள். வைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பெண் உள்ளே வந்து இவளைப் பார்த்துவிட்டு, ஆர் யூ ஆல்ரைட் என்றாள். வெரி வெல், தேங்க்யூ என்றது இவள் வாய். பார், மறுபடியும்.

குழாயை மூடினதும் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்தது. காலையில் அணைத்தோமா. அணைத்தாயிற்று, பருப்பு கருகினதும் அணைத்தது. இல்லை, இது அந்த அடுப்பு இல்லை, இது வேறு அடுப்பு. ஜெபராஜ் ஹாலில் விழுந்த அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியில் கட்டிப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், முகமெல்லாம் சாம்பல் நிறம், அந்த நிலையிலும் அவர், "ஏட்டி லீலா, அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார். இவள் மேலே ஓடினாள். அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு வந்திருக்கலாம் அல்லவா. தொட்டியில் அவர் குடித்த டம்ளர் கிடந்தது, அதைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கீழே வண்டி காத்திருக்கிறது, புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான், இவள் டம்ளர் கழுவினாள். ஏன் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை, இவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இறங்கி வந்தபோது வண்டியில் இருந்த பெண், யூ ஆர் வெரி காம் என்று பாராட்டினாள். காம். அமைதியாம். உள்ளே ஒரு மிருகம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. வெளியே கழுவின கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் இந்தப் பையன் இருந்திருந்தால் பேனாவால் தட்டிக் கேட்டிருப்பான், வெரி அஃப்ரெய்டாக இருந்த மனைவி டம்ளர் கழுவுவாளா, அம்மா. கழுவுவாள். பயம் அப்படித்தான் இருக்கும், காலும் கையும் தெரிந்த வேலையைத் தேடிக்கொண்டு போகும். தவநேசனுக்கு மாடு, எனக்கு டம்ளர். பதில் இவளிடம் இருக்கிறது. ஆனால் இவள் பதில் சொல்லக் கூடாது, சாட்சியும் சொல்லக் கூடாது, அந்த அறையில் இவள் ஆளே இல்லை, குரல் மட்டும். இத்தனை வருஷமாக ஐ, ஐ என்று சொல்லியிருக்கிறாள், என்னை அடித்தார்கள், என் தம்பியைக் கொண்டுபோனார்கள், நான் கிணற்றுக்குள் ஒளிந்தேன், நான் பயந்தேன், எல்லா ஐயும் அடுத்தவருடையது. தனக்காகப் பேச வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பாளர் இப்படிக் கேட்கிறார் என்று, தன்னை யாரோ மாதிரிதான் சொல்ல வேண்டும். அப்படியொரு தொழில். ஜெபராஜ் செத்த அன்றைய பயத்தைக்கூட இவள் யாரிடமும் ஐ போட்டுச் சொன்னதில்லை என்று இப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அதற்கு நேரமில்லை, கூப்பிட்டுவிட்டார்கள்.

அறையில் எல்லாரும் எழுந்து, நீதிபதி உட்கார்ந்ததும் உட்கார்ந்தார்கள். நீதிபதி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், பேனாவைத் திறந்தார். அந்தப் பையன் தொண்டையைச் செருமினான். இப்போதே சொல்ல வேண்டும், கேள்வி மறுபடி வந்துவிட்டால் வண்டி போய்விடும். கை எழவில்லை. கை கையாகவே இல்லை, மேசை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. பிறகு அது எழுந்தது.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்," என்றாள். குரல் இவளுக்கே அந்நியமாக இருந்தது. "காலையில் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்லிவிட்டார். வெரி என்ற சொல். மனுதாரர் அதைச் சொல்லவில்லை."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பின் என்ன சொன்னார்?"

"பயம் இல்லாமல் இருக்குமா என்று கேட்டார், மேடம். கேள்வியாகச் சொன்னார். அதுதான் பதில்."

அந்தப் பையன் எழுந்துவிட்டான். இவள் பயந்த அதே வரி, எழுத்துப் பிசகாமல் வந்தது. "அப்படியானால் அவர் வெரி அஃப்ரெய்டாக இருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, அந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்டபோது அவர் ஆமாம் என்றாரே."

"உட்காருங்கள்," என்றார் நீதிபதி. இவளிடம், "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர், என்று ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார், மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவில்லை, என்னென்னவோ வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "ஐ வாஸ் அஃப்ரெய்ட்," என்றாள். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. அது யாருடைய ஐ என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை, தட்டச்சுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். நீதிபதி இவளைப் பார்த்துவிட்டு, தன் குறிப்பில் எதையோ நீளமாகக் கோடிட்டு அடித்தார். பட்டியல், அடுத்த வருஷம், வேறு மொழிபெயர்ப்பாளர் என்று எல்லாம் இவளுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "இந்தத் திருத்தம் பதிவாகட்டும். இது குறித்து யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கடைசியில் கேட்கிறேன். நாம் தொடரலாம்," என்றார் நீதிபதி. பிறகு தவநேசன் பக்கம் திரும்பினார். "காலையில் ஏன் ஆமாம் என்றீர்கள்?"

புஷ்பலீலா தமிழில் கேட்டாள். அவன் இவளைப் பார்க்காமல் சொன்னான். "அம்மா பிழையாச் சொல்லமாட்டா எண்டு நினைச்சனான்." அதையும் இவள்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். கன்னம் எரிந்தது, ஆனாலும் ஒரு எழுத்துக் குறைக்கவில்லை.

அந்தப் பையன் பேனாவைத் தட்டாமல் கேட்டான். "சரி. உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனபோது எவ்வளவு பயமாக இருந்தது? நீங்களே சொல்லுங்கள்."

எவ்வளவு. இவள் அதைத் தமிழில் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ரொம்ப என்று சொல், சரியான பயம் என்று சொல், இப்போதாவது சொல், நான் அதை வைத்துத் தருகிறேன் என்று மனசு அவனிடம் கெஞ்சியது. அவன் இரண்டு கையையும் மேசை மேல் எடுத்து வைத்து அவற்றையே பார்த்தான்.

"மாடு கட்டினபடி நிண்டது," என்றான். "விட்டுட்டுப் போனா தண்ணியில்லாமல் செத்துப்போம். கயிறு மழையில நனைஞ்சு இறுகிப்போச்சு. கை நடுங்கினதில முடிச்சு அவிழேல்லை. வாசல்ல சத்தம் கேட்டது. பல்லால கடிச்சுத்தான் அவிழ்த்தனான்."

அறையில் எல்லாரும் இவள் வாயைப் பார்த்தார்கள். புஷ்பலீலா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மாடு கட்டியிருந்தது. நான் விட்டுவிட்டுப் போனால் அது தண்ணீரில்லாமல் செத்துவிடும். கயிறு மழையில் நனைந்து இறுகியிருந்தது. என் கை நடுங்கியதால் முடிச்சு அவிழவில்லை. வாசலில் சத்தம் கேட்டது. நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கடைசி வரியில் ஒரு சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்தப் பையன் தன் காகிதங்களைப் பார்த்தான், பக்கத்தைத் திருப்பினான், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

"வேறு கேள்வி இல்லை," என்றான்.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். தவநேசன் வாயைப் புறங்கையால் துடைத்தான். புஷ்பலீலாவின் பல்லிடுக்கில் ஈரக் கயிற்றின் நார் சிக்கியிருந்தது, அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தாள், அது போகவில்லை.